பாதி மேலங்கி: பள்ளியில் மாணவர் ஆற்றும் ஆறுதல் ஊழியம்



ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் ஆவிக்குரிய நிலையை எதைக்கொண்டு அளப்பது? காலை ஜெபக்கூடுகையில் எழும் பாடலின் ஓசையைக் கொண்டா? வேதபாடத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டா? இவை வேண்டியவையே. ஆயினும் இன்னொரு அளவுகோல் உண்டு. மதிய இடைவேளையில் மரத்தடியில் தனித்து அமர்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வைத்திருக்கும் பிள்ளையின் அருகே யார் போய் அமர்ந்தார்கள் என்பதே அது. அவ்வாறு அமர்கிறவர் பெரும்பாலும் மற்றொரு மாணவராகவே இருப்பார். துயரம் ஆசிரியரின் கண்ணுக்கு எட்டுமுன்னே தோழனின் கண்ணுக்கு எட்டிவிடுகிறது.

இத்தகைய பிள்ளைகளைப் பள்ளியின் ஆவிக்குரிய பணியில் எவ்வாறு சேர்த்துக்கொள்வது, அவர்கள்மேல் எந்தப் பாரத்தை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம். 2 இராஜாக்கள் 5:1-14, அப்போஸ்தலர் 23:12-24, யாத்திராகமம் 18:13-27 ஆகிய பகுதிகளை முதலில் வாசித்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு சொல்லின் வரலாறு

பள்ளியிலும் மருத்துவமனையிலும் இராணுவத்திலும் ஆவிக்குரிய பணி செய்யும் போதகரைச் ‘சாப்ளின்’ என்று அழைக்கிறோம். இச்சொல்லுக்குப் பின்னால் ஒரு மேலங்கியின் கதை இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்ட்டின் என்னும் இளைஞர் ரோமப் படையில் சேவகராக இருந்தார். இன்றைய பிரான்சு தேசத்திலுள்ள ஆமியேன் நகரின் வாசலில், கடுங்குளிர் காலத்தில், ஆடையின்றி நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவரைக் கண்டார். மற்ற உடைகளையெல்லாம் முன்பே தானம் செய்திருந்தபடியால் அவரிடம் மேலங்கி ஒன்றே இருந்தது. தம் வாளால் அதை இரண்டாகக் கிழித்து, பாதியை அவருக்குக் கொடுத்து, மீதிப் பாதியைத் தாம் போர்த்திக்கொண்டார். பிற்காலத்தில் தூர் நகரத்தின் பேராயரான அவருடைய மேலங்கியைப் பிராங்கு மன்னர்கள் புனிதப் பொருளாகப் போற்றினார்கள். இலத்தீன் மொழியில் மேலங்கிக்குக் ‘காப்பா’ என்று பெயர். அதைக் காத்துவந்த குருமாரின் பட்டத்திலிருந்தே ‘சாப்ளின்’ என்னும் சொல்லும், அதை வைத்திருந்த இடத்தின் பெயரிலிருந்து ‘சாப்பல்’ என்னும் சொல்லும் பிறந்தன.

இந்த வரலாற்றில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அங்கியைக் கிழித்தபோது மார்ட்டின் குருவானவராக இருக்கவில்லை; ஞானஸ்நானமும் பெற்றிருக்கவில்லை. விசுவாசப் பாடங்களைக் கற்றுக்கொண்டிருந்த ஒரு மாணாக்கராகவே இருந்தார். இரண்டாவது, அவர் பாதியைத்தான் கொடுத்தார். முழுவதையும் கொடுத்திருந்தால் அக்குளிரில் அவரே விறைத்துப்போயிருப்பார். மாணவர் ஆற்றும் ஆறுதல் ஊழியத்திற்கு இவ்விரண்டும் அடித்தளம். மாணவரும் கொடுக்க முடியும். ஆனால் மாணவரிடம் முழு அங்கியையும் கேட்கலாகாது.

2. சிறியோர் வழியாக வரும் உதவி

நாகமானின் வீட்டில் அடிமையாயிருந்த சிறுபெண்ணை நினைத்துப் பாருங்கள். வேதம் அவளுடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொந்த தேசத்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட அவளுக்கே துயரம் நிறைய இருந்திருக்கும். ஆயினும் எஜமானனின் குஷ்டரோகத்தை அவள் கண்டாள். அதைக் குறித்து மனம் இரங்கினாள். சமாரியாவிலுள்ள தீர்க்கதரிசியிடம் போனால் சுகம் கிடைக்கும் என்று தன் எஜமானியிடம் சொன்னாள். அவள் வைத்தியம் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த வழியைக் காட்டினாள். அதுவே போதுமானதாயிற்று.

நம் நாட்டுக் கல்வி வரலாற்றிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. இராணுவச் சாப்ளினாக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக் குருவானவர், 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் மனம் வைக்காதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக வைத்தார். அவன் அதைச் செவ்வனே செய்தான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் ‘சட்டாம்பிள்ளை’ முறையாக முன்பே இருந்ததுதான். பெல் 1797-இல் இலண்டனில் இதைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று.

ஆனால் அதன் பிற்பகுதியையும் நாம் கற்கவேண்டும். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்பதே அம்முறையின் பெரிய கவர்ச்சியாக ஆயிற்று. சட்டாம்பிள்ளைகளோ தாங்கள் மனப்பாடம் செய்ததையே திரும்பச் சொல்ல முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது செல்வாக்கு இழந்தது. பெரியவருக்குத் துணையாகப் பிள்ளையை நிறுத்தினால் இருவரும் வளர்வார்கள். பெரியவருக்குப் பதிலாகப் பிள்ளையை நிறுத்தினால் ஒருவரும் வளரமாட்டார்கள். ஆறுதல் ஊழியத்திலும் இதே விதி பொருந்தும்.

3. மாணவர் செய்யத்தக்க பணிகள்

பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவராகிய ஜோசப் கார்டைன், 1925-இல் இளம் தொழிலாளருக்கான இயக்கத்தை நிறுவினார். தொழிற்சாலை இளைஞருக்கு இன்னொரு தொழிற்சாலை இளைஞரே ஏற்ற ஊழியர் என்பது அவருடைய உறுதி. பார், நிதானி, செயல்படு என்ற மூன்று படிகளை அவர் கற்பித்தார். இதே நெறியில் மாணவருக்கான இயக்கமும் தோன்றி, நம் நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் வேரூன்றியது. எச்சபையாரும் இம்மூன்று படிகளைப் பயன்படுத்தலாம்.

சாப்ளினோடு சேர்ந்து மாணவர் குழு செய்யத்தக்கவை பல. காலை ஜெபத்தை ஒழுங்குபடுத்துதல், வேதபகுதியை வாசித்தல், பாடல்களைத் தெரிந்தெடுத்தல், பள்ளியிலுள்ள நோயாளிகளையும் துக்கத்திலிருக்கும் குடும்பங்களையும் ஜெபத்தில் நினைவுகூருதல் ஆகியவை ஆராதனையைச் சார்ந்தவை. புதிதாகச் சேர்ந்த பிள்ளையோடு முதல் வாரம் முழுவதும் சேர்ந்து சாப்பிடுதல், விடுதியில் முதல் இரவு அழும் சிறுபிள்ளைக்குத் துணையிருத்தல், நீண்ட விடுப்புக்குப்பின் திரும்பிய தோழனுக்குப் பாடக்குறிப்புகளைக் கொடுத்தல் ஆகியவை வரவேற்பைச் சார்ந்தவை. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் யார் கூட்டத்தில் இல்லை என்று கவனிப்பது விழித்திருத்தலைச் சார்ந்தது. இவற்றில் எதற்கும் பேச்சுத்திறமை வேண்டியதில்லை. கண்ணும் காதும் நேரமும் போதும்.

ஆறுதல் குழுவிலுள்ள மாணவரைப் பள்ளியின் ஒழுங்குக் காவலராக்குவது தகாது. வரிசையைச் சரிசெய்து, தாமதமாக வந்தவர்களின் பெயரை எழுதும் பிள்ளையிடம் எந்தத் தோழன் தன் இருதயத்தைத் திறப்பான்? வகுப்புத் தலைவர் பொறுப்பு ஒருவரிடமும், ஆறுதல் பணி வேறொருவரிடமும் இருப்பதே நலம்.

4. கேட்பதே முதல் உதவி

யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடேகூடத் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது. வாய்திறந்து, துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபின் அவர்கள் அலட்டுண்டாக்கும் தேற்றரவாளரானார்கள். நம் பிள்ளைகளும் கற்கவேண்டிய முதற்பாடம், விரைந்து புத்தி சொல்லாதிருத்தல்.

சாட் வாரா என்னும் ஆங்கிலேயக் குருவானவரின் அனுபவம் இதை நன்கு விளக்கும். 1935-இல், ஊழியத்தின் தொடக்கத்தில், தற்கொலை செய்துகொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் அடக்கம் செய்ய நேர்ந்தது. மாதவிடாய் தொடங்கியதை ஒரு கொடிய நோய் என்று எண்ணி, கேட்டுத் தெளிய எவருமில்லாமல் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த வேதனை அவரைவிட்டு நீங்கவில்லை. 1953-இல் இலண்டனிலுள்ள தம் ஆலயத்தில், உயிரை வெறுத்தவர்கள் தொலைபேசியில் அழைக்கவும் நேரில் வரவும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். வந்தவர்கள் அவரைக் காணக் காத்திருக்கும்போது, சாதாரணத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நாளடைவில், பலருக்கு அந்தத் தேநீரும் செவியுமே போதுமானதாயிருந்ததை அவர் கண்டார். 1954 பிப்ரவரியில் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுவே ‘சமாரித்தன்ஸ்’ இயக்கம். அதே நெறியில் சென்னையில் 1986-இல் ‘சினேகா’ நிறுவப்பட்டது.

குருவானவர் தேவைப்பட்டவர்களுக்குக் குருவானவரும், வைத்தியர் தேவைப்பட்டவர்களுக்கு வைத்தியரும் அவ்வியக்கத்தின் பின்னால் இருந்தார்கள். தேநீர் கொடுத்தவர் தனித்து விடப்படவில்லை. இதை மறக்கலாகாது.

5. “யாரிடமும் சொல்லாதே” என்னும் வேண்டுகோள்

இப்போது இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவ மாணவியர் தற்கொலையால் மாண்டார்கள். இவர்களில் சிலராவது தங்கள் மனதிலிருந்ததை ஒரு தோழனிடமோ தோழியிடமோ கோடிகாட்டியிருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு.

விடுதியில் ஒரு மாணவி இரவு விளக்கணைத்தபின் பக்கத்துப் படுக்கைத் தோழியை எழுப்பி, “எனக்கு உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை. நீ யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணு” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேட்கப்பட்டவளுக்கு வயது பதினைந்து. தோழியின் நம்பிக்கையைக் காப்பதா, உயிரைக் காப்பதா என்று அவள் தத்தளிப்பாள். சொன்னால் கோள் சொன்னவளாவாள் என்று அஞ்சுவாள். புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான் என்னும் கருத்துடைய நீதிமொழியும் (11:13) அவள் நினைவுக்கு வரலாம்.

அவளுக்கு அப்போஸ்தலர் 23-ஆம் அதிகாரத்தைக் காட்டுவோம். பவுலைக் கொல்லும்வரை புசிப்பதில்லை என்று நாற்பதுக்கு மேற்பட்டோர் சபதம் செய்துகொண்டார்கள். பவுலின் சகோதரி மகனாகிய வாலிபன் அந்த இரகசியத்தைக் கேள்விப்பட்டான். கேட்டதைத் தன் மனதிற்குள் புதைத்துவைக்காமல் பவுலிடம் போய்ச் சொன்னான். பவுலின் ஏற்பாட்டால் சேனாபதியிடமும் சொன்னான். அவன் பட்டயம் எடுக்கவில்லை. நாற்பது பேரைத் தனியே எதிர்க்கவுமில்லை. செயல்பட அதிகாரமுள்ளவரிடம் செய்தியைச் சேர்த்தான். பவுலின் உயிர் பிழைத்தது. கோள் என்பது ஒருவரை அவமானப்படுத்தும்படி ஊரெல்லாம் பரப்பப்படுவது. இதுவோ ஒருவரைக் காக்கும்படி பொறுப்புள்ள ஒருவரிடம் மட்டும் சொல்லப்படுவது. குறையை மூடுவது அன்பு. ஆபத்தை மூடுவது அன்பாகாது.

ஆகையால் ஆறுதல் குழுவிலுள்ள பிள்ளைகளுக்கு மூன்று காரியங்களைத் திரும்பத்திரும்பப் பயிற்றுவிக்கவேண்டும்.

ஒன்று, எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கலாகாது. “உன் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டேன், ஊரெல்லாம் சொல்லவும் மாட்டேன். ஆனால் உன் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் பெரியவர் ஒருவரிடம் சொல்லியே தீருவேன்” என்பதே உண்மையான வாக்கு.

இரண்டு, சந்தேகம் தோன்றினால் நேராகக் கேட்கலாம். “சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று கனிவோடு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, அடைத்துக்கிடந்த துயரம் வெளிவரவே அது உதவுகிறது.

மூன்று, தோழியைத் தனியே விடாமல், “வா, மிஸ்ஸிடம் நானும் உன்னோடு வருகிறேன்” என்று அழைத்துச் செல்லவேண்டும். அவள் வர மறுத்தாலும் அன்றே, அந்த இரவே, சொல்லிவிட வேண்டும்.

இப்பயிற்சி பயன்தரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரிய பள்ளிகளிலிருந்த பயிற்சிபெற்ற மாணவத் துணைவர்கள், பயிற்சி பெறாதவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாக, தற்கொலை எண்ணமுள்ள நண்பரைப் பெரியவரிடம் சேர்த்ததாகக் கண்டறியப்பட்டது. மாணவர் வைத்தியராக மாறியதாக அந்த ஆய்வு கூறவில்லை. நாகமான் வீட்டுச் சிறுபெண்ணைப்போல வழிகாட்டியானார்கள் என்றே காட்டுகிறது.

6. துயரம் பிரசங்க மேடையல்ல

நம் நாட்டுக் கிறிஸ்தவப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளில் மிகப்பலர் பிற சமயத்தவர். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், தன் சம்மதமின்றி, அல்லது சிறுவயதினராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றி, எவரும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயமில்லை என்று நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு கூறுகிறது. சட்டத்திற்காக மட்டுமன்றி அன்பிற்காகவும் இதை நாம் மதிக்கவேண்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணீரை மதம் பேசுவதற்கு வாய்ப்பாகக் கொள்வது அந்தப் பிள்ளையின் நம்பிக்கையை மீறுவதாகும். நல்ல சமாரியன் காயம்பட்டவனிடம் எந்த ஜாதியான் என்று விசாரித்ததாக நம் ஆண்டவர் சொல்லவில்லை. காயங்களைக் கட்டினான் என்றே சொன்னார். ஜெபம் வேண்டும் என்று கேட்கிற பிள்ளையோடு ஜெபிக்கலாம். கேளாத பிள்ளைக்காகத் தனியறையில் ஜெபிக்கலாம். அதுபோலவே, “விசுவாசம் குறைந்ததால்தான் உனக்கு இந்த மனச்சோர்வு” என்று கிறிஸ்தவப் பிள்ளையிடம் சொல்வதும் யோபுவின் சிநேகிதர் செய்த பிழையே. மனச்சோர்வு நோயாகவும் இருக்கக்கூடும். நோய்க்கு வைத்தியம் வேண்டும்.

7. பெரியவர்களின் பாதி

மீண்டும் சேனாபதியைப் பாருங்கள். அவர் அந்த வாலிபனின் கையைப் பிடித்து, தனியே அழைத்துப்போய், என்ன சொல்ல விரும்புகிறான் என்று கேட்டார். சொன்னதை நம்பினார். இதை ஒருவரிடமும் சொல்லாதே என்று அவனைப் பாதுகாத்து அனுப்பினார். அன்றிரவே 200 காலாட்களையும் 70 குதிரைவீரரையும் 200 ஈட்டிக்காரரையும் ஆயத்தம்பண்ணினார். வாலிபனின் பாதி, சொல்வது. பெரியவரின் பாதி, கேட்பது, நம்புவது, காப்பது, தாமதமின்றிச் செயல்படுவது. எத்தனையோ பள்ளிகளில் முதற்பாதி நிறைவேறியும் இரண்டாம் பாதி தவறிவிடுகிறது. தைரியம் கொண்டு வந்து சொன்ன பிள்ளையிடம், “நீ உன் படிப்பைப் பார்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தப் பள்ளியில் அதன்பின் எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது.

சட்டமும் இந்தப் பாதியைப் பெரியவர்மேலேயே வைக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்கத் தவறினால் தண்டனை உண்டு. ஆனால் தெரிவிக்கத் தவறியதற்கான அந்தத் தண்டனையிலிருந்து சிறாருக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த நெறிமுறைகளின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் பயிற்சிபெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ளவேண்டும். சாப்ளின் இருக்கிறாரே, மாணவர் குழு இருக்கிறதே என்று சொல்லி இக்கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது.

மோசே காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களின் வழக்குகளைத் தனியே கேட்டுக்கொண்டிருந்தபோது, நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்னும் பொருளில் எத்திரோ அவனை எச்சரித்தான். எண்பது வயதைக் கடந்த மோசேயாலேயே தனியே சுமக்க முடியாததைப் பதினைந்து வயதுப் பிள்ளைமேல் வைக்கலாமா? எத்திரோவின் ஆலோசனைப்படி, இலேசான காரியங்கள் ஓரிடத்திலும் கடினமான காரியங்கள் இன்னோரிடத்திலும் தீர்க்கப்பட்டன. பள்ளியிலும் இப்படியே ஒழுங்கு செய்யலாம். வாரம் ஒருமுறை சாப்ளினோ ஆலோசகரோ மாணவர் குழுவைக் கூட்டி, “உங்கள் மனம் எப்படி இருக்கிறது?” என்று முதலில் அவர்களையே கேட்கவேண்டும். தனியாக அனுப்பாமல் இருவர் இருவராக அனுப்பவேண்டும். இதுவும் வேத முறையே. நள்ளிரவில் வாட்ஸ்அப் செய்தி வழியே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் உயிரைக் காத்துக்கொண்டிருக்கும் நிலை வரவிடலாகாது. அந்நேரத்திலும் அழைக்கத்தக்க பெரியவர் ஒருவரின் எண் அவர்கள் கையில் இருக்கவேண்டும். தேர்வுக்காலத்தில் ஓய்வு கொடுக்கவேண்டும். விலகிக்கொள்ள விரும்பும் பிள்ளையைக் குற்றவுணர்வின்றி அனுப்பவேண்டும். எல்லா முயற்சிக்கும் பிறகு ஒரு துன்பம் நேர்ந்துவிட்டால், அது அந்தத் தோழனின் தவறன்று என்பதை ஒருமுறையல்ல, பலமுறை சொல்லவேண்டும்.

பிரியமானவர்களே, நம்மில் பலர் பெற்றோர், சிலர் ஆசிரியர், சிலர் பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள். நம் பிள்ளை ஒருநாள் சாப்பாட்டு மேசையில், “என் சிநேகிதனைப் பற்றி ஒரு காரியம் சொல்லவேண்டும்” என்று தயங்கித் தொடங்கலாம். அப்போது கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சேனாபதியைப்போல அதன் கையைப் பிடித்துக் கேட்போமாக.

சிந்தனைக்கும் குழுவாக உரையாடுவதற்கும்

1. நாகமான் வீட்டுச் சிறுபெண் செய்தது என்ன? செய்யாமல் விட்டது என்ன?
2. கோள் சொல்வதற்கும் காக்கும்படி சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவீர்கள்?
3. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு மாணவன் நண்பனுக்காக உதவி கேட்டு வந்தால், அவன் யாரிடம் போகவேண்டும் என்பது அவனுக்குத் தெரியுமா?
4. ஆறுதல் செய்கிற பிள்ளைகளுக்கு ஆறுதல் செய்பவர் யார்?

உடனடி உதவிக்கு: மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416, இது 2022 முதல் நாடெங்கும் பல மொழிகளில் இயங்குகிறது. சிறாருக்கான உதவி எண் 1098. இவ்விரண்டையும் பிள்ளைகளின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

ஜெபக்குறிப்பு: தங்கள் தோழரின் துயரத்தை இன்று மனதில் சுமந்துகொண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் வந்து சொல்லும்போது கேட்கும் செவியும் செயல்படும் கரமும் பெரியவர்களுக்கு அருளப்படும்படியாகவும் ஜெபிப்போம்.